பருந்துக்கு இன்னும் ஆறு வயது ஆகவில்லை

"அசையாத. அப்படியே இரு."

அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. டோரதி கரித்துணியால் பாத்திரத்தைப் பிடிக்கப் போன கையோடு அப்படியே நின்றாள். சமையலறை வாசலில் லுங்கியும் பனியனுமாக ஸ்தனிஸ்லாஸ், அட்டையில் செருகிய தாளில் அவளுடைய மணிக்கட்டை அவசர அவசரமாக வரைந்துகொண்டிருந்தார். அவர் கட்டைவிரலுக்கு வந்தபோது பால் விளிம்பைத் தாண்டி அடுப்பை அணைத்து, மேடையில் ஓடித் தரைக்கு வந்துவிட்டது.

"பால் போச்சுங்க."

"போகட்டும். கை வந்திருச்சு."

கை வரவில்லை. தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. இந்த மாதிரி சமயங்களில் அவர் அடுத்தவரைப் பேச விடமாட்டார், தானே முந்திக்கொள்வார். "கை இல்ல இது, கப்ளிங். இதுல ஒரு கூட்ஸ் வண்டியவே மாட்டி இழுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பழைய துணியை எடுத்துத் தரையைத் துடைக்க உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்தால் மேலப்புதூரில் அந்த வீட்டில் நடப்பது இதுதான்.

ஸ்தனிஸ்லாஸுக்கு நாற்பத்தெட்டு வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் டிரேசர். அதாவது, வேறொருவர் வரைந்த ரயில் பெட்டியின் மேல் மெல்லிய தாளை விரித்து, கோட்டின் மேல் கோடாக மசியால் இழுப்பவர். இருபத்தாறு வருஷமாக இழுக்கிறார். "நான் ஓவியன் இல்லீங்க. கோடு ஏற்கெனவே இருக்கும், நான் அது மேல நடந்து போறவன்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். பொய் சொல்லவில்லை. அவருடைய சித்திரக்கதைகளில் எந்த வண்டி வந்தாலும் ஆணி எண்ணிக்கூடப் பிழை இருக்காது. மனிதர்கள்தான் தூண் மாதிரி நிற்பார்கள். பெரும்பாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வில்லன்கள்கூட அப்படித்தான், ஏதோ தலைமையாசிரியர் முன்னால் நிற்பது போல.

எழுபத்து நாலாம் வருஷத்து ரயில்வே ஸ்டிரைக்கில் தொடங்கியது இந்த வியாதி. இருபது நாள் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல், பாலக்கரையில் குத்புதீன் நடத்தும் வாடகை நூல் நிலையத்துக்குப் போனார். அங்கே சாம்பல் பருந்து இருந்தான். சென்னையிலிருந்து மாதாமாதம் வரும் சித்திரக்கதையின் நாயகன். சாம்பல் முகமூடி, சாம்பல் அங்கி, மார்ஸ்டன் என்று ஒரு வெளிநாட்டு நகரம், ராத்திரியானால் கூரைக்குக் கூரை தாவல். முப்பத்தொன்பது வயது ஆள், அத்தனை இதழ்களையும் கடை ஸ்டூலில் உட்கார்ந்தே படித்து முடித்தார்.

பருந்து யார், எங்கிருந்து வந்தான், எதற்கு முகமூடி என்று எந்த இதழிலும் சொல்வதில்லை. முப்பத்தோராம் இதழில் மட்டும், ஒரு கொள்ளைக்காரனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வரி சொல்கிறான்: "என் ஆறாவது பிறந்தநாளன்று தாய் இறந்தாள். அன்று அணிந்த முகமூடி இது." ஆறு வயதுப் பிள்ளையின் முகமூடி முப்பது வயதில் எப்படிப் பொருந்தும் என்று தமிழ்நாட்டில் கவலைப்பட்டவர் ஸ்தனிஸ்லாஸ் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அந்த ஆறு வருஷத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. யாரும் சொல்லாததால், கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கிவந்து தானே வரையத் தொடங்கினார். பருந்தின் முன்கதை.

ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரே பிரதிதான். குத்புதீன் அதை மற்றப் புத்தகங்களோடு அலமாரியில் வைப்பார், அது ஊர் சுற்றிவிட்டுக் காது மடங்கி, காப்பிக் கறையோடு திரும்பி வரும். கடைசிப் பக்கத்தில் வாசகர்கள் எழுதுவதற்கு ஸ்தனிஸ்லாஸ் இடம் விட்டிருப்பார். "வெளிநாட்டில் ஏது மலைக்கோட்டை?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மார்ஸ்டன் நகரத்தை அவர் எங்கே கண்டார்? திருச்சிதான் தெரியும். அதனால் குட்டிப் பருந்து வளரும் தெருவில் பனியும் பெய்யும், தெருக்கோடியில் மலைக்கோட்டையும் தெரியும்.

சிக்கல் அதுவல்ல. முதல் பத்து நோட்டுகளில் பருந்து பிறந்து, தவழ்ந்து, பேசி, ஐந்து வயதைத் தாண்டிவிட்டான். அதற்குப் பிறகு வண்டி சிக்னலில் நின்றுவிட்டது. முப்பத்தாறாவது நோட்டில் அவனுக்கு ஐந்து வருஷம், பதினோரு மாதம், இருபத்தேழு நாள். நாற்பத்தோராவது நோட்டில் இருபத்தெட்டு நாள். ஒரு நோட்டு முழுக்கப் பையன் ஒற்றைச் செருப்பைத் தேடுகிறான். நாற்பது பக்கம் தேடி, கட்டிலுக்கடியில் கண்டெடுக்கிறான்.

ஸ்ரீரங்கத்திலிருந்து சடகோபன் என்று ஒரு வாசகர் வருவார். ரிடையரான குமாஸ்தா, நெற்றி நிறையத் திருமண். ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து வந்து நோட்டை வாங்கிப் போவார். நுணுக்கமான பென்சில் எழுத்தில் அவர் எழுதியிருந்தார்: "பெருமாளின் பால லீலைகூட இத்தனை விஸ்தாரம் இல்லை. தேவரீர் அந்தத் தாயாரை இன்னும் எத்தனை நாள் ரக்ஷிப்பதாக உத்தேசம்?"

ரக்ஷித்துக்கொண்டுதான் இருந்தார். காரணம் வெட்கக்கேடானது. பெண்களை வரைய அவருக்கு வராது. வீட்டில் இருந்தது டோரதி, ஆகவே பருந்தின் தாய் டோரதியாகிவிட்டாள். அதே அகன்ற நெற்றி, அதே இடது கன்னத்து மச்சம், குனிந்தால் முன்னால் வந்து விழும் அதே சங்கிலி. ஒன்பது வருஷமாக மனைவியைப் பார்த்துப் பார்த்து வரைந்த பிறகு, அவளை ஒரு கட்டத்துக்குள் படுக்க வைத்துக் கொல்ல வேண்டும் என்றால் பென்சில் முனை ஒடிந்தது. ஒடிந்தது என்றால் நிஜமாகவே ஒடிந்தது. அழுத்திப் பிடித்திருப்பார்.

முயற்சி செய்யாமல் இல்லை. தாய்க்குக் காய்ச்சல் கொடுத்தார், விட்டுவிட்டது. இருமல் கொடுத்தார், கஷாயத்தில் சரியாயிற்று. ஒருதரம் துணிந்து, சாமியாரையே வரவழைத்து அவஸ்தைபூசுதல் கொடுக்க வைத்தார். கத்தோலிக்க வீட்டில் அதுதான் கடைசி. எண்ணெய் பூசி, மெழுகுதிரி ஏற்றி, அக்கம்பக்கம் எல்லாம் முழங்காலில் நின்றது. ஆனால் வரைந்துகொண்டிருந்தபோது லால்குடியில் இருக்கும் மாமியார் வியாகுலம்மாள் நினைவுக்கு வந்தார். அவருக்கு மூன்று தடவை அவஸ்தைபூசுதல் கொடுத்தாகிவிட்டது. மூன்று தடவையும் சாமியார் படியிறங்குமுன் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டிருக்கிறார். ஸ்தனிஸ்லாஸ் கண்ணால் கண்டதைத்தானே வரைய முடியும்? அடுத்த பக்கத்தில் பருந்தின் தாய் எழுந்து காப்பி கேட்டாள்.

"அண்ணே, மௌத்து எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார் குத்புதீன். "அல்லா விதிச்சதை நீங்க நோட்டுப் போட்டுத் தள்ளி வைக்கிறீங்க. பருந்து முகமூடி போடறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துருவான் போல."

"என்ன பாய் செய்யறது? கோழைக்கு வீரன் கதை எழுதற ஆசை வந்தா இப்படித்தான்."

குத்புதீன் அதோடு விடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பழைய நோட்டு ஒன்றைச் சென்னைக்கு அனுப்பிவிட்டார். எண்பத்து மூன்றாம் வருஷம் மே மாதம் பதிப்பகத்திலிருந்து இன்லண்டு லெட்டர் வந்தது. முன்கதையைச் சுருக்கி முப்பத்திரண்டு பக்கமாகத் தந்தால் ஆண்டு மலரில் ஆசிரியர் பெயரோடு போடுகிறார்களாம். இரண்டே நிபந்தனை. ஜூன் இருபதுக்குள் கைக்குக் கிடைக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் தாய் இறந்து, பையன் முகமூடி அணிய வேண்டும்.

ஸ்தனிஸ்லாஸ் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தார். கேலியெல்லாம் நின்றுவிட்டது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கோட்டின் மேல் நடந்தவருக்குத் தன் பெயர் அச்சில் வர வேண்டும் என்ற ஆசை அவ்வளவு இருந்தது. தூக்கத்தில்கூடப் பெயரை எந்த எழுத்தில் போடுவார்கள் என்று யோசித்தார்.

டோரதிதான் அதிகம் சந்தோஷப்பட்டாள். "ஒன்பது வருசமா நான் செத்துக்கிட்டே இருக்கேன். ஒரேயடியா முடிச்சு விடுங்க, புண்ணியமாப் போவும்" என்றாள்.

ஒரு மாதத்தில் முப்பத்தொரு பக்கத்தை மசி போட்டு முடித்தார். முப்பத்திரண்டாவது பக்கத்தில் தாயின் முகத்தை மாற்றினால் என்ன என்று தோன்றியது. குத்புதீனின் முகத்தை மீசையை எடுத்துவிட்டு வைத்துப் பார்த்தார். குத்புதீன் சாவதும் பிடிக்கவில்லை. மேலதிகாரியின் முகத்தை வைத்தார். அது சுலபமாக வந்தது, சாவும் பொருந்தியது. ஆனால் பையன் அழ வேண்டுமே, அழுவதற்கு முகாந்திரமே இல்லாமல் போயிற்று.

ஜூன் பதினெட்டு, சனிக்கிழமை. லீவு போட்டிருந்தார். ஐந்து மணித் தபாலில் சேர்த்தால்தான் திங்கட்கிழமை சென்னைக்குப் போகும். மத்தியானம் மூன்று மணிக்கும் கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தது. கூடத்துத் தரையில் முப்பத்தொரு பக்கங்களும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. தாள் பறக்கும் என்பதால் டேபிள் ஃபேன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. வீடு வெந்துகொண்டிருந்தது.

டோரதி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சுவரோரம் பாயை விரித்து, நேராகப் படுத்து, ஜெபமாலையை விரல்களில் சுற்றிக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ம், வரைங்க. உலை வைக்கறதுக்குள்ள முடிக்கணும்."

அவர் வரைந்தார். பாய் வந்தது, மெழுகுதிரி வந்தது, சுவரில் மாதா சுரூபம் வந்தது. ஜெபமாலையைக் கொண்டு விரல்களை மறைத்துவிட்டதால் கைகூட வந்தது. தலைமாட்டில் பையன் நின்றான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. முகம்தான் பாக்கி. மூடிய கண்ணுக்கு இரண்டு வளைகோடு, டிரேசருக்கு ஒரு நிமிஷ வேலை.

"ஏங்க" என்றாள் டோரதி, கண்ணைத் திறக்காமல். "நான் போனப்புறம் அந்தப் பயலுக்கு யாரு சோறு போடுவா?"

"கதையில அது இல்ல."

"இல்லன்னா? ஆறு வயசுங்க."

"முகமூடி போட்டுக்குவான்."

"முகமூடி போட்டுக்கிட்டா பசிக்காதா?"

அவர்களுக்குக் குழந்தை கிடையாது. பருந்து உண்ட உப்புமா, தின்ற தேன்மிட்டாய் எல்லாம் டோரதி சொல்லி அவர் வரைந்தவை. செருப்பு கட்டிலுக்கடியில்தான் கிடக்கும் என்று சொன்னவளும் அவளே.

"யாராச்சும் ஒரு பாக்கியமேரி, பவுனம்மான்னு பக்கத்து வீட்டுல வரைஞ்சு விடுங்க" என்றாள். குரல் பாதியில் தேய்ந்துவிட்டது. சிறிது நேரம் கழித்து மெல்லிய குறட்டை கேட்டது.

ஸ்தனிஸ்லாஸ் பென்சிலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் டோரதி பகலில் படுத்துத் தூங்கி அவர் பார்த்ததில்லை. அவளை அசையாதே அசையாதே என்று நிற்க வைத்தாரே தவிர, ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை. அது இப்போது உறைத்தது, கண் கரித்தது. நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை முத்து முத்தாகப் பூத்திருந்தது. கழுத்துச் சங்கிலி வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சுக்கு மூச்சு ஜெபமாலை ஏறி இறங்கியது. கோவில் கடிகாரம் நாலரைக்கு ஒற்றை மணி அடித்தது. சைக்கிளில் போனால் கால் மணி நேரம். கண்களுக்கு இரண்டு கோடு.

அவர் பென்சிலையும் தாளையும் கீழே வைத்தார். சத்தமில்லாமல் எழுந்து, ஃபேனின் கழுத்தைப் பிடித்து அவள் பக்கம் திருப்பினார். முப்பத்திரண்டு தாள்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, கூடமெங்கும் பறந்து, சமையலறைவரை போய் விழுந்தன. ஒன்று அவர் முழங்காலிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. அவர் அதை எடுத்துப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டு, ஃபேனை இன்னும் ஒரு சுற்று வேகமாக வைத்தார்.