உப்பு ஜாஸ்தி

எங்கள் ஊரில் சிறுநீரகம் பழுதானால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'ரத்தத்துல உப்பு ஏறிடுச்சு' என்பார்கள். இது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு வருடங்களுக்கு முன் என் வீட்டுக்காரர் ரத்தப் பரிசோதனை முடிந்து வந்து, "உப்பு ஜாஸ்தியாம்" என்றார். 'ரத்தத்துல' என்ற வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டார். நான் அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒரே குழம்புதானே, நானும் சப்பென்றே சாப்பிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்; அந்தச் சோற்றை வடித்தவளும் நான்தான்.

போன மழைக்காலத்தில் கிரிவலம் போய் நனைந்து வந்தார். நெஞ்சுச் சளி, காய்ச்சல். வேங்கிக்காலில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஆன்டிபயாட்டிக் எழுதும் முன் டாக்டர் கேட்டார்: "சுகர், கிட்னி பிரச்சினை ஏதாச்சும் இருக்குங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று நான்தான் முந்திக்கொண்டேன். வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள் அவருக்குப் புத்தி தடுமாறியது. கை வெட்டி வெட்டி இழுத்தது. என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் பார்த்த டாக்டரம்மா என்மேல் பாய்ந்தார்.

"கிட்னி பாதிக்கு மேல போயிருக்கு, முழு டோஸ் குடுத்திருக்கீங்க! மருந்து வெளிய போக வழியில்லாம உடம்புலயே தங்கிடுச்சும்மா. முதல்லயே சொல்லியிருந்தா இதே மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுத்திருப்பாங்க."

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? வேளை தவறாமல் என் கையால் கொடுத்த மாத்திரை.

சேதி கேட்டு நாத்தனார் வந்தார். "ரெண்டு வருசமா இருக்குதும்மா. உன்கிட்ட சொல்லக்கூடாதுனு சத்தியம் வாங்கிக்கினான். நீ பயந்துடுவியாம்" என்றார். நாத்தனாருக்குத் தெரியும், நாத்தனார் பிள்ளைகளுக்குத் தெரியும், இவர் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடத் தெரியுமாம். கூட வாழ்ந்தவளுக்குத்தான் தெரியவில்லை. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

மருந்தை மாற்றி, அதையும் கிட்னிக்குத் தக்கபடி குறைத்துக் கொடுத்தார்கள். மூன்று நாளில் தெளிந்தார். என் முகம் அடையாளம் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "கிட்னி விஷயத்தை ஏங்க என்கிட்ட மறைச்சீங்க?" என்றேன். ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"யாரு உன்கிட்ட சொன்னது? அக்காவா?" என்றார் கோபமாக.