இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

அம்மனை நம்புகிற என் சகோதரிகளுக்கு வணக்கம். எனக்கு அவள் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால், அவளை நான் ஏமாற்றியதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால்தான் இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தேன்.

1992ஆம் வருஷம். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. தோட்டத்தை விட்டுவிட்டுத் தொழிலுக்கு வந்த குடும்பம். எங்களுக்கு ஒரே பெண், கல்பனா. பன்னிரண்டாவதில் நல்ல மார்க். கோயமுத்தூரில் அரசாங்கம் நடத்தும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு, பள்ளிக்கூட டீச்சர் சொல்லி அவளே மனுப் போட்டிருந்தாள். இடம் கிடைத்துவிட்டது. ஆடி மாதம் ஒரு புதன்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதம் வந்தது.

கடிதம் வந்த அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டது சுமார் கால் மணி நேரம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் என் வீட்டுக்காரர். வெயிலில் நின்று மண்ணை வெட்டியது போதும் என்றுதானே தோட்டத்தை விட்டு வந்தோம், மறுபடியும் மண்ணை நோண்டுவதற்கு நாலு வருஷப் படிப்பா என்றார். அடுத்து அவருடைய அக்கா. நான் நங்கை என்று கூப்பிடுவேன். பக்கத்துத் தெருவில்தான் வீடு. பெங்களூரில் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ், தெரிந்தவர்கள் மூலம் இடம் வாங்கிவிடலாம் என்று அந்தம்மா ஒற்றைக் காலில் நின்றார். வெவசாயம் படித்த பெண்ணை எவன் வந்து கேட்பான் என்பது அவர் கவலை. போதாக்குறைக்கு, ஆடியில் போய் யாராவது புதுக் காரியம் தொடங்குவார்களா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்பார். பல்கலைக்கழகத்துக்காரர்கள் நங்கையைக் கேட்டா தேதி வைப்பார்கள்?

எனக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் நூல் வாங்குவதென்றால் லேசில் வாங்க மாட்டார். ஒரு கோன் நூலை மட்டும் மெஷினில் ஏற்றி ஓட்டி, துணியைத் துவைத்துக் காயவைத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் மூட்டை இறக்கச் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனுஷர், மகள் நாலு வருஷம் இருக்கப் போகிற இடத்தை ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று நினைக்கவே இல்லை. கோயமுத்தூர் என்ன டில்லியிலா இருக்கிறது? பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்.

அவருக்குத் தெரிந்த ஒரே வழி பூ கேட்பது. எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதா, பெண் எடுப்பதா, எதுவானாலும் அம்மனிடம் பூ கேட்காமல் செய்ய மாட்டோம். வெள்ளைப் பூவை ஒரு காகிதத்திலும் சிவப்புப் பூவை ஒரு காகிதத்திலும் ஒரே மாதிரி பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்போம். சூடம் காட்டியதும் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாமா என்பது கேள்வி. பொட்டலம் கட்டியது நான்.

இங்கேதான் நான் உங்கள் முன்னால் தலை குனிய வேண்டியிருக்கிறது. நான் இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையைத்தான் வைத்தேன். இரண்டும் வெள்ளை. பூசாரி எதை எடுத்தால் என்ன? மகள் பக்கத்திலேயே இருப்பாள், சனிக்கிழமையானால் வீட்டுக்கு வருவாள், பெங்களூர்த் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன். தப்பென்று தெரியும். ஆனாலும் கட்டினேன்.

வெள்ளை வந்தது. பூசாரி ஆத்தா சம்மதம் சொல்லிவிட்டாள் என்றார். எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குங்குமத் தட்டை வாங்கிக்கொண்டு கோயிலைச் சுற்றிப் போனவர் திரும்பி வந்து, இன்னொரு தடவை கேட்கலாம் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெள்ளை வந்த பிறகு என்ன இன்னொரு தடவை? ஏன் என்று கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த வெள்ளிக்கு நங்கை முந்திக்கொண்டு, பூவும் காகிதமும் தானே கொண்டு வந்து, தானே பொட்டலம் கட்டினார். அதே கேள்வி. பூசாரி பிரித்தார். சிவப்பு அரளி.

நங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு என்னவோ உறுத்தியது. எல்லாரும் சூடத்தைத் தொட்டுக் கும்பிடும்போது, எடுக்காமல் விட்ட பொட்டலத்தை மெல்லப் பிரித்துப் பார்த்தேன். அதிலும் சிவப்பு அரளி.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆத்தா முன்னாலேயே இப்படிப் பண்ணுவீர்களா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். எந்த முகத்தோடு கேட்பது? போன வாரம் நான் செய்தது என்ன? பொட்டலத்தைப் பழையபடி மடித்துத் தட்டில் வைத்தேன். 

வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்காரர், அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கேட்கலாம் என்றார்.

"ஏனுங்க, வர்ற புதன்கெழமையோட தேதி முடியுதுங்க. வெள்ளிக்கெழம கேட்டு என்ன பண்றது?" என்றேன்.

"ரெண்டு நாள் தள்ளிக் கேட்டாத் தர மாட்டாங்களாக்கும்? வெளிநாட்டுப் பையர்கிட்டக் கேட்டா ஷிப்மென்ட் தேதியத் தள்ளித் தர்றதில்லயா?"

சகோதரிகளே, சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பனியன் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு உலகத்தில் எல்லாத் தேதியும் தள்ளிப் போகும் தேதிதான். அரசாங்கக் கடிதத்தில் போட்ட தேதி தள்ளிப் போகாது என்று எத்தனை சொல்லியும் காதில் ஏறவில்லை. மகளோ ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. 

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். வெளியே வெயில், உள்ளே யாரும் இல்லை. தேங்காய் பழம் எதுவும் கொண்டு போகவில்லை. அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். வாய்விட்டே பேசினேன்.

"ஆத்தா, நான் பண்ணுனது தப்பு. உன்ற வாயில நான் பேசிப்போட்டேன். நங்கையும் அதேதான் பண்ணுனாங்க. இனி பூ வேண்டாம் சாமி. அந்தப் புள்ளைக்கு எது ஆகுமோ, அத எங்களுக்குப் புரியற மாதிரிக் காட்டு. அந்த மனுஷனையும் ஒருக்கா அங்க கூட்டிட்டுப் போ. என்னால ஆகலைங்க."

அழுது முடித்துத் திருநீறு எடுக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. அவளே தோன்ற வைத்தாள் என்றுதான் சொல்வேன். எது ஆகும், எது ஆகாது என்று இத்தனை பேரிடமும் கேட்டேனே, கல்பனாவிடம் கேட்டேனா? கேட்கவில்லை. என்னுடைய வெள்ளைப் பூ கூட அவளுக்காக வைத்ததில்லை. பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிற என் ஆசைக்காக வைத்தது.

வீட்டுக்கு வந்து, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். உனக்கு எங்கே படிக்க இஷ்டம் கண்ணு? அவள் துணியைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"லெட்டரு வந்ததுலருந்து யாருமே எங்கிட்டக் கேக்கலீங்கம்மா. பூவுகிட்டத்தான் கேட்டீங்க."

 அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்புறம் அவளாகவே சொன்னாள். கணக்குப் பாடம் என்றால் அவளுக்கு வேப்பங்காய். மார்க் வந்தது உருப்போட்டதால்தான். செடி கொடி பற்றிய பாடம் என்றால் பசி தெரியாது. ஆனால் வேளாண்மைதான் தனக்குச் சரியா என்று அவளுக்குமே பயம் இருந்தது. ஹாஸ்டல் எப்படி, வயலில் இறங்கி வேலை செய்ய வைப்பார்களாமே, தன்னால் முடியுமா? ஒரு தடவை பார்த்தால் தெரியும் என்றாள். பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. புதன்கிழமை எப்படியும் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன், பிடித்தால் சேரு, பிடிக்காவிட்டால் வந்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். சேர்வதென்றால் அப்பா கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு என்ன செய்வது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆறு வருஷமாக ஒரு மக்கர் பண்ணாமல் ஓடிய எங்கள் நிட்டிங் மெஷின் நின்றது. உள்ளே ஒரு பாகம் உடைந்துவிட்டது. பழைய வெளிநாட்டு மெஷின். அந்தப் பாகம் திருப்பூரில் எந்தக் கடையிலும் இல்லை. கோயமுத்தூர்ப் பட்டறையில் கடைசல் போட்டுப் புதிதாகச் செய்துதான் வாங்க வேண்டும். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சமையல்கட்டுக்குள் போய் அம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். தொழில் நின்றதற்குக் கும்பிட்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

புதன்கிழமை காலையில் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவர் வழி நெடுக மெஷினைப் பற்றியே புலம்பிக்கொண்டு வந்தார். பட்டறையில் பாகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு மேலே வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குப் போக வேறு இடம் இல்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எங்களோடு பல்கலைக்கழகத்துக்குள் வந்தார்.

கல்பனா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஹாஸ்டல் அறையைப் பார்த்தாள், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். வயல் வரப்பில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்ற பெண்களிடம் போய் ஏதேதோ கேட்டாள். சாப்பாடு சுமார்தான் என்று அவர்கள் சொன்னதையும் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

எங்கள் வீட்டுக்காரர் வாசலைப் பார்த்தே நடந்தார். வழியில் ஒரு கட்டடம். ஜன்னல் வழியாகக் கண்ணாடி ஜாடிகள் தெரிந்தன. ஜாடி ஜாடியாகப் பஞ்சு. அவர் நின்றுவிட்டார். உள்ளே கடைசி வருஷம் படிக்கிற பெண் ஒருத்தி, கறுப்புத் துணி ஒட்டிய பலகை மேல் பஞ்சு இழைகளைச் சீவி நீளம் அளந்துகொண்டிருந்தாள். கோபி ஊர்ப் பக்கத்துப் பெண். இவர் உள்ளே போய், கேட்காமலேயே ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து, இரண்டு கட்டை விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தார். எங்கள் ஊர் ஆண்கள் பஞ்சைக் கண்டால் அதைத்தான் செய்வார்கள்.

"ஏம்மா, நாப்பதாம் நம்பர் நூலு ஓட்டறப்ப அந்து அந்து போகுதே, அது மில்லுக்காரன் பண்ற கொறையா, பஞ்சுலயே இருக்கற கொறையா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் சொல்ல ஆரம்பித்தாள். எந்த ரகத்தில் இழை நீளம், எதில் பலம், பூச்சி விழுந்தால் இழை என்ன ஆகும், முற்றாமல் பறித்தால் துணியில் சாயம் ஏன் திட்டுத் திட்டாகப் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பத்து நிமிஷம் என்று வந்த மனுஷர் ஒன்றேகால் மணி நேரம் நின்றார். சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்ததற்காகச் சாயப்பட்டறைக்காரரோடு அவர் போடாத சண்டை கிடையாது. கல்பனாவும் பக்கத்தில் நின்று அவரைவிட அதிகமாகக் கேள்வி கேட்டாள்.

வெளியே வந்ததும் அவர் மகளிடம் திரும்பினார்.

"கண்ணு, இங்க இருந்துக்குவியா?"

"இருந்துக்குவனுங்கப்பா."

அவ்வளவுதான். நேராக ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். நான் அங்கேயே தூணோரமாக நின்று அழுதேன். தேதி முடிய இரண்டு மணி நேரம்தான் இருந்தது. நங்கை தீபாவளி வரைக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதையும் அம்மன் கொடுத்த ஓய்வாக எடுத்துக்கொண்டேன்.

1996இல் கல்பனா நல்லபடியாகப் படித்து முடித்தாள். ஒரு நூல் மில்லில் பஞ்சைச் சோதித்துப் பார்க்கிற வேலை உடனே கிடைத்தது. முதல் நாள் வேலைக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, இனியும் மறைக்கக் கூடாது என்று எங்கள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ வைத்தவள் நான்தான் என்றேன். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

அவர் காபியைக் குடித்து முடித்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும், சரசு. மீதிப் பொட்டலம் குங்குமத் தட்டுலதான இருந்துச்சு. கோயிலுக்குப் பொறவுக்கால போயிப் பிரிச்சுப் பாத்தேன். அக்கா கட்டுனதுலயும் ரெண்டும் செவப்புன்னு பாத்தேன். அதான் மூணாவது தடவ நானே கட்டலாமுன்னு இருந்தேன்."

நாலு வருஷமாக நான் அவரை மனதுக்குள் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"ஏனுங்க அன்னிக்கே சொல்லுல?"

"ஆத்தா முன்னாடி உன்னய எப்படிக் காட்டிக் குடுக்கறது?"

சகோதரிகளே, நான் பூ கேட்பதை விட்டுவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பொட்டலத்தை என் கையால் கட்டுவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடிதம் வந்திருக்கலாம். அம்மனிடம் போங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே போங்கள், அவள் தப்பாக நினைக்க மாட்டாள். ஆனால் போவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.