கன்னத்தில் முட்டாத கூலிங் கிளாஸ்

ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். எங்கள் எலப்புள்ளிப் பக்கத்தில் அதற்கு மார்கழிக் காற்றே போதும். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கணவாய் வழியாக மண்ணை வாரிக்கொண்டு வரும். அதற்கு எதிரே தினமும் காலையில் ஸ்கூட்டரில் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்குப் போகிறேன். போய்ச் சேரும்போது கண் சிவந்து, கன்னமெல்லாம் நனைந்திருக்கும்.

கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் அண்ணன் நல்ல மனிதர். தொந்தரவே அதுதான்.

"ஏன் அம்மிணி, இன்னிக்கும் அழுதியா?"

"இல்லீங்கண்ணா, காத்து."

"ஆமா, காத்து. உக்காரு, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போ."

பிளாஸ்க் மூடியில் ஊற்றித் தருவார். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடமாகிறது. மகள் திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். தனியாக இருக்கிறவள் கண்ணில் தண்ணீர் வந்தால் அது அழுகைதான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அதே காற்றில் அவர்கள் கண்ணிலும்தான் வழிகிறது. அவர்களை யார் கேட்டார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கேள்வியை ஒழிக்கவேண்டும் என்றுதான் கூலிங் கிளாஸ் தேட ஆரம்பித்தேன். என் முகம் அகலம், மூக்கு சப்பை. பஸ் ஸ்டாண்டு வாசலில் வாங்கியது முதல் வேகத்தடையிலேயே உதட்டுக்கு இறங்கியது. அடுத்தது ஹெல்மெட்டுக்குள் காதோரம் அழுத்தி, மத்தியானத்துக்குள் தலைவலி. பத்தே நாளில் அதன் காலும் கழன்று விழுந்தது. போனில் மகளிடம் புலம்பினேன்.

"கண்ணு கெட்டதுக்கப்புறம் சூரிய நமஸ்காரமா? நல்ல கடைக்குப் போம்மா," என்றாள். குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள்.

கல்பாத்திக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடை. கடைக்காரர் அந்த அக்கிரகாரத் தெருக்காரர், வயதானவர். "ஹெல்மெட்டைப் போட்டுண்டே பாருங்கோ, அப்பத்தான் தெரியும்," என்றார். காதில் மாட்டும் கால் மெல்லிசாக, பக்கவாட்டில் வளைந்து கண்ணை மூடினாற்போல ஒன்றை எடுத்தார். சூடுகாட்டி வளைத்து மாட்டிவிட்டு, காதின் பின்னால் விரல் வைத்துப் பார்த்தார்.

"இங்க அழுத்தறதா?"

"இல்லீங்க."

என் முகத்தை இன்னொரு கை தொட்டு எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே வெட்கமாக இருந்தது.

"சித்தே சிரிங்கோ. கன்னம் ஏறி முட்டறதான்னு பாக்கணும்."

உதட்டை இழுத்துக் காட்டினேன்.

"இது போறாது. நன்னா சிரிங்கோ."

அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு பொம்பளை சிரிப்பதற்காக ஒரு பெரியவர் இப்படி மெனக்கெட்டு நிற்கிறாரே என்று நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிளாஸ் அசையவில்லை.

மறுநாள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வாட்ச்மேன் அண்ணன், "ஜம்முனு இருக்கற போ அம்மிணி," என்று கேட்டைத் திறந்துவிட்டார். பிளாஸ்கைத் திறக்கவில்லை. விட்டது சனியன் என்று உள்ளே போனேன்.

பேக்கிங் செக்‌ஷனில் மெஷின் சத்தத்துக்கு யாரும் பேசமாட்டார்கள். வீட்டில் டிவிதான் பேசும். ஒரு வாரம் கழித்துச் சோறு வடிக்கும்போது உறைத்தது: அன்றைக்கு முழுக்க என்னை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன 'அழுதியா' கேள்வியா எனக்குத் துணையாக இருந்தது? சீ என்றிருந்தது.

பொங்கலுக்கு வர முடியவில்லை என்று மகள் சொன்னாள். பரவாயில்லை கண்ணு என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் காலை வண்டி ஓட்டும்போதுதான் அழுகை வந்தது. காற்றுகூடப் புகாத கிளாஸுக்குள் தண்ணீர் கட்டி, ரோடே மங்கியது. கேட்டில் அண்ணன் வழக்கம்போலத் திறந்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

நான் போகவில்லை. வண்டியை நிறுத்திக் கிளாஸைக் கழற்றினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் அம்மிணி, இத்தன நல்ல கண்ணாடி போட்டுமா காத்து பூந்துருச்சு?"

"காத்து இல்லீங்கண்ணா," என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிளாஸ்கை எடுத்தார். நான் ஸ்டாண்டு போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.