மருந்து குடித்த கலங்கள்

ஆய்வுகூடத்தில் கலம், அதாவது செல், வளர்ப்பவர்களுக்குப் பெருநாளும் இல்லை, போயா விடுமுறையும் இல்லை. இதைப் படிக்கும் சக பாவப்பட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என்ன வேலை?

கல்முனையில் பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தா ஒருநாள் என் வேலையைப் பற்றி விசாரித்தார். வெண்குருதிக் கலங்களைப் போத்தலில் வளர்க்கிறேன் என்றேன். அவை குளுக்கோஸைத் தின்று பெருகும்போது விடும் அமிலத்தால் சிவப்பு ஊட்டத் திரவம் மஞ்சளாகும். சிறுநீரகம் மாற்றியவர்கள் குடிக்கும் மருந்தை ஊற்றினால் பெருக்கம் அடங்கி, திரவம் சிவப்பாகவே நிற்கும். அந்த வித்தியாசத்தைத்தான் அளக்கிறேன் என்று விளக்கினேன். ராத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வளத்துப்போட்டு வளர வுடாம மருந்தும் ஊத்துறயா? இதுக்கு ரெண்டு கோழி வளத்தா முட்டையாச்சும் கிடைக்கும் புள்ள."

றமழானில் ஒரு நாள்

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குத் திரும்பினால், எல்லாப் போத்தலும் பளிச்சென்று சிவப்பு. மருந்து ஊற்றியது எது, ஊற்றாதது எது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. புதிய உதவியாளர் றிப்கா, மஞ்சளாகிக் கிடந்தவற்றுக்கெல்லாம் புதுத் திரவம் மாற்றியிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நோன்பு வாயால் ஏசவும் முடியவில்லை. நாளைக்கே முதலிலிருந்து தொடங்குவதென்று முடிவெடுத்துவிட்டு, ஏன் மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நாம நோன்பு திறக்கப் போறம், அதுகள் மட்டும் பசியில கிடக்கட்டுமா மிஸ்?"

நானாவின் குளிசை

என் நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, அவர் மனைவியான மதினி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நான் போத்தலில் ஊற்றும் மருந்தைத்தான் நானா குளிசையாக விழுங்குகிறார். "மருந்து ஊற்றிய கலங்கள் வளரவேயில்லை" என்று நான் சாப்பாட்டு மேசையில் பெருமையடித்ததைக் கேட்டு, தன் உடம்பும் அப்படித்தான் தேய்கிறதென்று குளிசையை நிறுத்திவிட்டார். மதினி அழுதுகொண்டே வந்து சொன்னார்.

அன்றே நானாவை ஆய்வுகூடத்துக்கு இழுத்துப் போனேன். அங்கே இரண்டு போத்தலைக் காட்டினேன். இரண்டுக்கும் முன்பே மருந்து கொடுத்திருந்தேன். ஒன்றிலிருந்து பிறகு மருந்தைக் கழுவி எடுத்திருந்தேன். அதில் கலங்கள் மறுபடி கூட்டம் கூட்டமாகப் பெருகி, திரவம் மஞ்சளாகியிருந்தது. "இந்த மாதிரிக் கலங்கள்தான் உங்கட உடம்புலயும் ஓடுது. மதினிட கிட்னிய வேற ஆள்ட சாமான் எண்டு அடிச்சுத் தின்னும். குளிசைதான் அதுகள அடக்கி வெச்சிரிக்கி" என்றேன். நானா நுண்ணோக்கியை விட்டுக் கண்ணெடுக்க வெகுநேரமானது.

"அவ வெட்டிக் குடுத்தத நானே கொல்லப் பாத்திரிக்கன் புள்ள. நட, முதல்ல டொக்டரக் கண்டு சொல்லுவம், ஏசினா ஏசட்டும்."

என் ஆய்வுக் கட்டுரையை எந்தச் சஞ்சிகையும் இன்னும் ஏற்கவில்லை, ஆனால் எங்கள் வீட்டில் காலையும் மாலையும் குளிசை நேரத்தில் அதை நடைமுறைப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.