தலை மாறிய மருத்துவர்

மெழுகுச் சிலைக் கூடத்தில் அவளுக்குச் 'சீப்பு' என்று பெயர். வைத்தவர் வாசல் காவலாளி. இடுப்பில் எப்போதும் ஒரு சீப்பு செருகியிருக்கும். கோபம் வந்தால் அதை உருவி நீட்டிக்கொண்டுதான் பேசுவாள்.

சரித்திரத்தில் பெயர் எடுத்த ஏழு பெண்கள் அந்தக் கூடத்தில் நின்றார்கள். ஏழு பேருக்கும் தலைவாரி, தூசி தட்டி, கண்ணாடிக் கண்களைத் துடைத்து விடுவது அவள் வேலை. அதற்கு முன் இரண்டு அழகு நிலையங்களில் வாய்த்துடுக்கால் வேலையை இழந்தவள். "இங்க யாரும் வலிக்குதுன்னு கத்தமாட்டாங்க. சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வந்து சண்டைக்கும் நிக்கமாட்டாங்க" என்று காவலாளியிடம் பெருமையடித்துக்கொள்வாள்.

வேலை வாங்கிக் கொடுத்தது அண்ணி. இருப்பதும் அண்ணன் வீட்டில்தான். "இதையும் கெடுத்துட்டு வந்து நின்னே, அப்புறம் உங்க அண்ணன் சொன்னாலும் நான் கதவைத் திறக்கமாட்டேன்" என்று அண்ணி சொல்லியிருந்தாள். அண்ணி சொன்னதைச் செய்கிறவள்.

அன்று மாலை புதிய சிலை ஒன்றின் திறப்பு. காலரா பரவிய ஊருக்குள் எல்லோரும் நடுங்கி ஒதுங்கியபோது தன்னந்தனியாகப் போன மருத்துவரின் சிலை. அவருடைய மகளே வந்து திரை விலக்குவதாக ஏற்பாடு. மேலாளர் அவரை அழைத்து வர ரயில் நிலையத்துக்குப் போன சமயம் பார்த்து மின்சாரம் போய், குளிர்சாதனம் நின்றது. கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் நேராக உள்ளே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஏழு பேரில் ஒருத்தியான அரசிச் சிலையின் கன்னம் பளபளத்தது. அவள் விரலால் தொட்டாள். ரேகை பதிந்தது.

"அண்ணே, ஓடி வாங்க! மகாராணி உருகுறா!"

உடம்புக்குப் பயமில்லை, அது மரமும் துணியும். தலைதான் மெழுகு. முடியின் பசை இளகி முகத்தில் வழிந்துவிடாமல் இருக்க முதலில் பொய்முடிகளைக் கழற்றினாள். பிறகு தலைகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து, காவலாளியோடு கீழே நிலவறைக்குச் சுமந்துபோய், ஈரத்துணி சுற்றி வரிசையாக வைத்தாள். இந்தக் கழுத்துக்கு இந்தத் தலை என்று தெரிய, அடிக்கழுத்தில் சுண்ணக்கட்டியால் எண் போட்டாள். அவ்வளவு கவனம்.

மின்சாரம் வந்து, கூடம் குளிர்ந்த பிறகு, துணிகளைப் பிரித்து ஒவ்வொரு கழுத்தாகத் திருப்பிப் பார்த்தாள். சுண்ணக்கட்டி எண்ணை ஈரத்துணி துடைத்துச் சாப்பிட்டிருந்தது.

"ஏழு மொட்டைங்க! இதுல யாரு யாரும்மா?" என்றார் காவலாளி.

"சும்மா இருங்கண்ணே, உயிரே போகுது."

பழைய ஐந்து பேரை முகம் பார்த்தே அடையாளம் கண்டுவிட்டாள். மிச்சம் இரண்டு. மருத்துவரும், மலைகளைத் தாண்டித் தபால் விமானம் ஓட்டிய பெண்ணும். இருவரும் போன வாரம் ஒரே வண்டியில் வந்து இறங்கியவர்கள். ஒரே சிற்பி, ஒரே வயது, ஒரே மாதிரி இறுகிய வாய். முடியும் மூக்குக்கண்ணாடியுமாகத்தான் அவள் மருத்துவரைப் பார்த்திருக்கிறாள், மொட்டையாகப் பார்த்ததில்லை. படங்களெல்லாம் மேலாளரின் அறையில். சாவி மேலாளரின் பையில்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏதாவது ஒண்ணை வை! தலையில்லாம நின்னா இன்னும் அசிங்கம்" என்றார் காவலாளி.

சாந்தமாகத் தெரிந்த தலையை மருத்துவருக்கு வைத்தாள். முடி, மூக்குக்கண்ணாடி, வெள்ளைக் கோட்டின் கழுத்துப்பட்டை எல்லாம் சரி செய்தாள். பார்க்க மருத்துவராகத்தான் இருந்தது. விமானிக்கு மற்றதை வைத்துத் தோல் தொப்பியை மாட்டினாள். சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மகளுக்கு எழுபது வயதிருக்கும். திரையை விலக்கினார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மகள் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்லக் கரைந்தது. கிட்டே போனார். தள்ளி நின்று பார்த்தார். மறுபடியும் கிட்டே போனார்.

"அச்சு அசல் அம்மாதானே?" என்றார் மேலாளர், ஒலிவாங்கியை நீட்டியபடி.

மகள் அதை வாங்கவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கினார். "கோட்டு அவங்களுதுதான்..." என்று இழுத்தார். பிறகு இடுப்பில் சீப்போடு பக்கத்தில் நின்றவளிடம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ரொம்ப வருஷம் ஆச்சு பாரும்மா. எனக்கு எங்கம்மா முகமே மறந்துபோச்சு போல" என்றார்.

பேசாமல் இருந்தால் தீர்ந்தது. எல்லோரும் தேநீருக்குப் போய்விடுவார்கள். ராத்திரியோடு ராத்திரியாகத் தலையை மாற்றிவிடலாம். அண்ணி வீட்டுக் கதவு அவள் கண்முன் வந்து நின்றது. அதையும் மீறி, இந்தக் கிழவி தன் அம்மாவைத் தொலைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ரயில் ஏறுவதும் தெரிந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் மறக்கலம்மா" என்றாள், ஒலிவாங்கியிலும் கேட்கும்படி. "நான்தான் தலையை மாத்தி வெச்சுட்டேன்."

மேலாளரின் முகம், மெழுகாக இருந்திருந்தால், அப்போதே வழிந்திருக்கும். "என்ன உளறுறே?"

அவள் விமானியிடம் போய்த் தோல் தொப்பியை எடுத்தாள். மருத்துவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்த மூக்கில் மாட்டினாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று ஒருவருக்கும் புரியவில்லை.

"அம்மா! இந்த வேஷத்துல என்ன பண்றீங்க?"

மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளையிலருந்து நீ வராதே" என்றார்.

"சரிங்க" என்றாள். "ஆனா ரெண்டு தலையையும் மாத்திட்டுத்தான் போவேன். திருகத் தெரியாதவங்க தொட்டா கழுத்து விண்டுபோகும்."

மகள் மேலாளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆகட்டும், மாத்து. நான் பார்த்துட்டுத்தான் போவேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாழ்நாள் பூரா அந்தக் கோட்டுதான் அவங்களுக்கு. ஒரு சாயங்காலம் விமானம் ஓட்டினதுல ஒண்ணும் குறைஞ்சுடலை. வகிடு மட்டும் வலப்பக்கம் எடும்மா. இல்லேன்னா திட்டுவாங்க."

அவள் இடுப்பிலிருந்து சீப்பை உருவினாள். மேலாளர் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வகிடு நேராக விழுந்தது.