கார்லிஸின் கிரேடர்காரி

கார்லிஸ் ஊரைப் பார்த்தால், இதையும் பறித்துக்கொள்ள ஒருவன் ஆசைப்படுவான் என்று யாருக்கும் தோன்றாது. நடுவில் செங்கல் கோர்ட்டுக் கட்டடம். அதைச் சுற்றிப் புல்தரை, புல்தரையைச் சுற்றி நாலு தெரு. ஒரு பாங்கு, ஒரு மருந்துக்கடை, சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி, சனிக்கிழமை மட்டும் படம் ஓட்டும் தியேட்டர், கோடையில் கூச்சல் ஓயாத நீச்சல்குளம், பெர்னீஸின் காபிக்கடை. வக்கீல்கள் இரண்டு பேர். காலையில் கோர்ட்டில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு மத்தியானம் ஒரே மேஜையில் சூப் குடிப்பார்கள்.

இத்தனையும் உயிரோடு இருந்தது அந்தக் கோர்ட்டை நம்பித்தான். நிலப் பத்திரம் பதிய வருகிறவன் பாங்குக்குப் போவான், வரி கட்ட வருகிறவள் பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டுப் போவாள். அங்கே ஜில்லாவுக்குக் கவுண்டி என்று பெயர். கவுண்டித் தலைநகர் என்ற பட்டம் போனால் ஊரே போய்விடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தப் பட்டம் வந்த கதை பெருமைப்படும்படியானதல்ல, ஆனால் ஊரார் அதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பக்கத்து ஊரான ஹாட்டன்தான் தலைநகர், பத்திரங்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஓட்டெடுப்பு நடந்தது, கார்லிஸ் ஜெயித்தது. கல்லறையில் கிடந்தவர்களும் எழுந்து வந்து ஓட்டுப் போட்டார்கள் என்பது ஹாட்டன்காரர்கள் கட்சி. பத்திரங்களைத் தர மாட்டோம் என்று அவர்கள் முரண்டு பிடிக்க, கார்லிஸ் ஆண்பிள்ளைகள் விடிவதற்குள் வைக்கோல் வண்டி கட்டிக்கொண்டு போய் இரும்புப் பெட்டியோடு தூக்கி வந்துவிட்டார்கள். வழியில் பெட்டி ஓடையில் விழுந்தது. கல்யாணப் பதிவுகள் நனைந்து அழிந்ததால் பல ஜோடிகள் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அதில் ஒரு அம்மாள், கிடைத்த விடுதலையை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

ஹாட்டன் இதை மறக்கவில்லை. பிறகு நெடுஞ்சாலை வந்தபோது அது ஹாட்டன் வழியாகப் போனது. டிராக்டர் கடை, பெரிய மளிகைக்கடை, மோட்டல் எல்லாம் அங்கே முளைத்தன. வியட்நாம் யுத்தம் முடிந்த மறு வருடம், தலைநகரைத் திரும்பக் கொண்டுபோக அவர்கள் மனுப் போட்டார்கள். மார்ச் மாதம் தேர்தல் என்று நாள் குறித்தார்கள். ஐந்தில் மூன்று பங்கு ஓட்டு விழுந்தால் கோர்ட்டு ஹாட்டனுக்கு.

அந்த மார்ச்சில் ஆர்டித் லாரிட்சனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கவுண்டியின் வடக்குப் பக்க மண்ரோடுகளையெல்லாம், அடியில் நீள இரும்புப் பிளேடு பொருத்திய கிரேடர் வண்டியால் சமன் செய்வதும், குளிர்காலத்தில் பனியைத் தள்ளித் திறப்பதும் அவள் வேலை. பெண்ணுக்கு அந்த வேலையா என்று கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் மூன்று பேரும் ஒரே குரலில் கேட்ட காலம் உண்டு. அதுவரை அந்த வண்டியை ஓட்டியவன் குடித்துவிட்டுப் பாலத்தோடு மோதியதால் அவர்களுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஒரு மாதம் எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

வடக்கே மணல்குன்றுகளுக்கு நடுவில் மாட்டுப் பண்ணையில் பிறந்தவள் அவள். பெரிய பள்ளிப் படிப்புக்காகக் கார்லிஸுக்கு வந்து, தானியக் கிடங்கில் வேலை பார்த்த கார்லைக் கட்டிக்கொண்டு ஊரோடு தங்கிவிட்டாள். ஊரார் அவளைத் தங்கள் ஆளாகத்தான் நினைத்தார்கள். கோபம் வந்தால் மட்டும் வடக்கத்திப் பொண்ணு என்பார்கள்.

தேர்தலுக்கு முந்தின நாள் மத்தியானம் பனிப்புயல் பிடித்தது. அடுத்த நாள் காலையில் காற்று அடங்கியபோது, வடக்கு ரோடுகள் ஆள் உயரத்துக்கு மூடிக் கிடந்தன. நெடுஞ்சாலையை மாநிலத்து வண்டிகள் விடிவதற்கு முன்பே திறந்துவிட்டன. ஹாட்டன்காரன் ஒருவன் பாக்கியில்லாமல் ஓட்டுப் போடுவான். கார்லிஸ்காரன் நடந்தே போய்ப் போடுவான். மாட்டிக்கொண்டவர்கள் வடக்குப் பண்ணைக்காரர்கள்தான். அவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தை மூடியதிலிருந்து அவர்களுக்கும் ஓட்டுச்சாவடி கார்லிஸ் கோர்ட்டில்தான்.

ஆர்டித் பிளாஸ்கில் காபி வாங்கப் பெர்னீஸ் கடைக்குள் நுழைந்தாள். கமிஷனர் வெண்டல் ஹாக் அவளுக்காகவே காத்திருந்தார். நல்ல மனிதர். நீச்சல்குளத்துக்கு அலைந்து திரிந்து பணம் திரட்டியவர். அன்றைக்கு முகம் வெளிறிப்போயிருந்தது.

"உக்காரு ஆர்டித். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன். என்ன அவசரம்?"

"ரோடு மூடிக் கெடக்கு, வெண்டல்."

"கெடக்கட்டுமே. ஒரு நாள் கெடந்தா என்ன குடி முழுகிடும்? அவனுங்க மளிகை எங்க வாங்குறான்? ஹாட்டன்ல. டிராக்டர் எங்க வாங்குறான்? ஹாட்டன்ல. ஓட்ட மட்டும் நமக்குப் போடுவானா?"

"அது அவங்க இஷ்டம்."

"பிளேடு உடஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். யாரு வந்து பாக்கப் போறா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெர்னீஸ் பிளாஸ்கை நிரப்பி அவள் பக்கம் தள்ளினாள். ஆர்டித்துக்கு ஹாட்டன்காரர்கள் மேல் வராத கோபம், தினமும் பார்க்கும் இந்த முகங்கள் மேல் வந்தது.

"எட்டு வருஷமா அந்த ரோட்ட நான் திறக்கிறேன். யாரு வீட்டுக்குப் போற ரோடுன்னு பாத்தா திறந்தேன்? ஒங்க மச்சான் வீட்டு ரோட்டயுந்தான் திறந்தேன். அவரு என்னப் பொட்டச்சின்னு திட்டிக்கிட்டே வழிவிட்டாரு."

"ஊரு போயிரும்மா. ஒனக்கும் இதானே ஊரு."

"ஊரு போச்சுன்னா ஒங்களுக்கு மட்டுமா நோவுது? போனா நாலு பேரு பாக்க நேர்மையாப் போகட்டும். ஒரு தடவ திருடிக் கொண்டுவந்தது போதாதா?"

பிளாஸ்கை மூடிக்கொண்டு வெளியே போனாள். பின்னால் யாரோ, "என்னதான் இருந்தாலும் வடக்கத்திப் பொண்ணுதானே" என்றது காதில் விழுந்தது.

வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது கண்ணில் நீர் முட்டியது. வெண்டல் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் அவள் வேதனை. வடக்கத்தியார் லாரிகள் ஹாட்டன் கடைச் சாமானோடு போவதை வாரா வாரம் பார்க்கிறவள் அவள். இன்றைக்குத் தன் கையாலேயே தன் ஊருக்குக் குழி வெட்டப் போகிறோம் என்றுதான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே பிளேடை இறக்கினாள்.

பனி ஈரமில்லாமல் இறுகிக் கல்லாகியிருந்தது. ஒரு மேட்டை மூன்று நாலு தரம் முட்டித்தான் உடைக்க முடிந்தது. முட்டுவாள், பின்னால் வருவாள், மறுபடி முட்டுவாள். பாதி வழியில் வண்டி ரேடியோ கரகரத்தது.

"ஆர்டித், மத்தியானம் ஆயிருச்சு. திரும்பி வந்துடு. தெக்குப் பக்கத்துல ரோடு மூடிக்கிட்டிருக்கு" என்றது வெண்டலின் குரல்.

"தெக்கப் பனி தள்ள ஹாங்க்கோட வண்டி இருக்கே. அவன் என்ன படுத்துத் தூங்குறானா?" என்று கேட்டுவிட்டு ரேடியோவை நிறுத்தினாள்.

எமெட் டூமாவின் பண்ணைதான் கடைசி. அவள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் சாய்ந்துவிட்டது. எமெட் அறுபதை நெருங்கிய ஆள், எதற்கும் அவசரப்படாதவர். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு துணிப்பெட்டியும் எடுத்துக்கொண்டு, மனைவியோடு பிக்கப் வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சீக்கிரமே வந்துட்ட. நாளைக்குத்தான் வருவேன்னு பாத்தேன்" என்றார்.

"எட்டு மணிக்குச் சாவடிய மூடிருவாங்க. கெளம்புங்க. நான் முன்னால போறேன், வந்த வழியில காத்து மறுபடி அள்ளிப் போட்டிருக்கும்."

"ஏம்மா, ஒங்க ஊர்க்காரங்க ஒன்ன அனுப்பினாங்களா, இல்ல நீயா வந்தியா?"

ஆர்டித் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள். எமெட் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வண்டிய எடு" என்றார்.

திரும்பும் வழியில் ஒவ்வொரு பண்ணை வாசலிலும் ஒரு வண்டி தயாராக நின்றது. அவளைக் கடக்கவிட்டுப் பின்னால் சேர்ந்துகொண்டது. கண்ணாடியில் பார்த்தாள். குன்று மேல் ஏறும்போதெல்லாம் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. அவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் அவளுக்குத் தெரியும். எந்தப் பக்கம் ஓட்டு என்று அவள் கேட்கவில்லை. ஓட்டு விஷயத்தை வாய்விட்டுக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

கார்லிஸில் மொத்த ஜனமும் காபிக்கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. இருட்டில் முதலில் கிரேடரின் மஞ்சள் விளக்கு தெரிந்தது. அதன் பின்னால் வெள்ளை விளக்குகள், கணக்கில்லாமல். எதிரிப் படையை நம் வீட்டுப் பெண்ணே அழைத்துக்கொண்டு வருகிறாள் என்று பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள். வெண்டல் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். ஆர்டித் கோர்ட்டுப் படிவரைக்கும் வழி தள்ளிக் கொடுத்தாள். வடக்கத்தியார் தொப்பியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசி ஆள் ஓட்டுப் போட்டு முடித்ததும் சாவடியை மூடினார்கள்.

கோர்ட்டு ஹாலில் எண்ணிக்கை நடந்தது. நெடுஞ்சாலைப் பக்கத்துப் பெட்டிகளைத் திறந்ததுமே ஹாட்டன் எங்கேயோ போய்விட்டது. கார்லிஸ் பெட்டிகள் வந்த பிறகும் ஐந்தில் மூன்று பங்குக்கு மேலேதான் நின்றது. ஹாட்டன் வக்கீல் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்கும் வடக்குப் பெட்டி தன் பெட்டிதான் என்பதில் சந்தேகமில்லை. அதைக் கடைசியாகத் திறந்தார்கள்.

முதல் சீட்டு, கோர்ட்டை மாற்ற வேண்டாம். இரண்டாவது, வேண்டாம். கவுண்டி குமாஸ்தா அம்மாள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். போகட்டும் என்று எழுதிய சீட்டுகளை எண்ண ஒரு கை விரல்களே போதுமாயிருந்தது. குமாஸ்தா அம்மாள் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள்.

"அஞ்சுல மூணு பங்கு வரல. கோர்ட்டு இங்கதான் இருக்கும்" என்றாள். அவளே தொடர்ந்தாள். "வடக்குப் பெட்டி மட்டும் காலியா இருந்திருந்தா ஊரு போயிருக்கும்."

அதற்குப் பிறகுதான் ஹால் வெடித்தது. யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்றே தெரியவில்லை. ஊர் வக்கீல்கள் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு ஆடினார்கள், இருவருக்கும் ஆட வராது. யாரோ போய்க் கோர்ட்டு மணியை அடிக்க ஆரம்பித்தான். வெண்டல் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எமெட் முன்னால் போய் நின்றார்.

"எமெட், நீங்க எல்லாரும் ஹாட்டன் பக்கம்னு நெனச்சோமே."

"ஏன் அப்பிடி நெனச்சீங்க?"

"சாமானெல்லாம் அங்கதானே வாங்குறீங்க."

"பன்றிக்கறி அங்க மலிவு, வாங்குறோம். அதுக்காக?" எமெட்டின் குரல் உயரவேயில்லை. "வடக்க ஹைஸ்கூல் ஏது? எங்க பிள்ளைங்க ஒவ்வொன்னையும் நீங்கதானே ஒங்க வீட்டு மாடியில வச்சிருந்து படிக்க வச்சீங்க. திங்கக்கெழம கொண்டாந்து விட்டா வெள்ளிக்கெழமதான் கூட்டிப் போவோம். நானும் அப்பிடித்தான், ஒங்கம்மா வீட்டு மாடியில நாலு வருஷம். எனக்கு அம்மை வந்தப்போ ஒங்கம்மாதான் பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊட்டினாங்க. நீ அப்போ சின்னப் பையன், கிட்ட வரக்கூடாதுன்னு ஒன்ன வெரட்டினாங்க. என் பொண்டாட்டியப் பாத்தது இந்தக் கோர்ட்டுப் புல்தரையில. எங்க ஊரு இது, வெண்டல். நீங்க யாரும் எங்களக் கேக்கவே இல்ல."

வெண்டல் திரும்பி ஆர்டித்தைத் தேடினார். அவள் கதவோரம் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த மாடிகளில் ஒன்றில் அவளும் வளர்ந்தவள். இருந்தும் தன் ஜனத்தைப் பற்றி அவளும் தப்பாகத்தான் நினைத்திருந்தாள். அதை எண்ணி வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அழுதாள், மறைக்கவில்லை.

"ஆர்டித், நான் காலைல பேசினது..." என்று ஆரம்பித்தார் வெண்டல்.

"அத விடுங்க. காத்து மறுபடி எழும்பியிருக்கு. நான் தெறந்த ரோடு இந்நேரம் மூடியிருக்கும். இத்தன பேரும் இன்னிக்கு எங்க தங்குவாங்க?"

அதைக் கேட்டதும் ஹாலில் புதுச் சண்டை மூண்டது. எமெட்டும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு என்றாள் பெர்னீஸ். அவர் எங்கள் மாடிக்காரர், எங்கம்மா வீட்டில்தான் நான் இருக்கிறேன் என்று வெண்டல் விட்டுக்கொடுக்க மறுத்தார். வடக்கத்தியாரை ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஓர் ஆளைப் பாங்கு மானேஜரும் ஆஸ்பத்திரி நர்ஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசியில் எமெட்டின் துணிப்பெட்டியை வெண்டலே தூக்கிக்கொண்டு பனியில் இறங்கினார். ஊரில் அன்றைக்கு விளக்கு எரியாத மாடி ஒன்றுகூட இல்லை.