சோற்றோடு குடிக்கும் வைன்

அந்த ஒஸ்திரிய வெள்ளை வைன் மீது வீரையாவுக்குப் பிரியம் வந்ததற்கு அதன் ருசி காரணமில்லை. சாப்பாட்டோடு சேர்த்துத்தான் குடிக்க வேண்டும் என்று அதை விற்க வந்தவர் சொன்னாரே, அதுதான் காரணம்.

கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ரெஸ்டூரண்டில் வீரையா தலை நரைக்கும் வரை வெயிட்டராக நின்றவர். நம்மூர் ஆட்கள் குடிக்கிற விதம் தெரிந்ததுதானே. முதலில் போத்தல், கூடவே கொறிக்க பைட்ஸ். உறைக்க உறைக்கப் பிரட்டின டெவல் கோழி, பிறகு கணவாய், பிறகு இன்னொரு டெவல். சோறு என்ற பேச்சே இருக்காது. குடித்து, பாடி, ஓய்ந்த பிறகுதான் சோறு கேட்பார்கள். நாலு வாய் தின்றுவிட்டு மிச்சத்தை ஒதுக்குவார்கள். அந்த நாலு வாய்க்காக வீரையா வீங்கின காலோடு சுவரோரம் காத்து நிற்க வேண்டும். தன் மேசைகள் காலியானால்தான் அவர் வீட்டுக்குப் போகலாம். பாவி மனிதர்கள், பசிக்கிற நேரத்தில் சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?

அவர் பஸ் பிடித்து மஹய்யாவவில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மனைவி ராக்கம்மா தூங்கிப்போயிருப்பாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலை. விடியுமுன் கிளம்ப வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் தூக்கத்தில் பார்த்தே வருடங்கள் ஓடிவிட்டன. மகள் லோஜினி இருந்தவரை அது உறைக்கவில்லை. அவள் கல்யாணமாகிக் கெலிஓயாவுக்குப் போன பிறகு, ராக்கம்மா தனியே உட்கார்ந்து சோறு பிசைவதே அவர் நினைப்பில் வந்து நின்றது. இராச்சோற்றை அவளோடு உட்கார்ந்து தின்ன வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வைன்காரர் ரெஸ்டூரண்ட் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு மடக்கு ஊற்றினார். க்ரூனர் வெல்ட்லினர் என்று வாயில் நிற்காத பேர். பச்சை ஆப்பிள் புளிப்பு, தேசிக்காய் வாசம், தொண்டையில் இறங்கும்போது லேசாக வெள்ளை மிளகு. சமையலறையில் இருந்ததை எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். டெவலின் உறைப்பில் அது வெறும் பச்சைத் தண்ணீராகிவிட்டது. தேசிக்காய் பிழிந்த பாரை மீன் பொரியலுக்கும் வல்லாரைச் சம்பலுக்கும் பால்சொதிக்கும் அப்படியே பொருந்தியது.

மறுநாளிலிருந்து வீரையா மேசை மேசையாகப் போனார். "ஐயா, இதுக்கு பைட்ஸ் ஒத்துவராதுங்க. சோத்தோட குடிச்சாத்தான் ருசி. இப்பவே மீனும் சோறும் கொண்டாறவா?"

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு மேசை துணிந்தது, அதைப் பார்த்து அடுத்த மேசை. வெள்ளிக்கிழமை அவருடைய நாலு மேசையும் எட்டரைக்கே காலி. வீரையா சட்டையை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

கதவைத் திறந்த ராக்கம்மா பயந்துபோனாள். "என்னாங்க, வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?"

"இல்ல புள்ள. பசிக்குது. நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டிருந்தாள். ஆனாலும் இன்னொரு தட்டை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். பருப்பும் கருவாடும். கருவாட்டின் நல்ல துண்டை அவள் அவர் தட்டில் வைத்தாள். அவர் அதைத் திரும்ப அவள் தட்டில் வைத்தார். இத்தனை வருடத்தில் வீரையா அப்படியொரு சோறு தின்றதில்லை.

"நாளைக்கும் நேரத்தோட வருவீங்களா?"

"வராம?"

சனிக்கிழமையும் மேசைகள் நேரத்தோடு காலியாயின. மேனேஜர் திவாகரன் சிரித்த முகத்தோடு வந்து தோளைத் தட்டினார். "வீரையாண்ணே, நீங்க கெட்டிக்காரன். மேச இவ்வளவு சீக்கிரம் காலியானா இன்னொரு செட் ஆளுங்களுக்குக் குடுக்கலாமே! இன்னைக்கே நாலு மேசைக்கும் புக்கிங் எடுத்துட்டேன். இனி தெனமும் இப்பிடித்தான்."

வாசலில் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். முதலில் நுழைந்தவர் கதிரையில் உட்காருமுன்பே சாராயமும் டெவலும் கேட்டார். வைனைப் பற்றிச் சொல்ல வீரையாவுக்கு வாய் வரவில்லை. பின்பக்கம் போய் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"பாத்துக்கிட்டு இருக்காத புள்ள. சாப்பிட்டுட்டுப் படு."



"ரெண்டு தட்டும் வச்சிட்டேனே," என்றாள் ராக்கம்மா.